மணமகனுக்கு எழுதிய பாதி

1883இல் திருமணம் முடிந்த கையோடு சாமுவேல் சத்தியநாதனும் கிருபாபாயும் உதகமண்டலத்துக்குக் குடிவந்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சாமுவேலுக்கு பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1872இல் இறந்தபின் அவர் நினைவாக 1874இல் தொடங்கிய பள்ளி அது. கிருபாபாய்க்கு அப்போது வயது 21. அகமத்நகரில் கிறிஸ்தவம் தழுவிய மராத்திப் பிராமணத் தம்பதியின் மகள். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, நன்றாகப் படித்துப் பரிசும் வாங்கி, உடம்பு இடம் கொடுக்காமல் படிப்பை விட்டவர். படிக்க வந்தபோது தங்கியது சாமுவேலின் தந்தையான போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் வீட்டில். அந்த அறிமுகம்தான் கல்யாணத்தில் முடிந்தது.

ஊட்டியில் அவர் வீட்டோடு இருக்கவில்லை. மிஷன் உதவியோடு முஸ்லிம் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். வேறு பெண்கள் பள்ளிகளிலும் போய்ப் பாடம் சொன்னார். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போய்வந்ததைக் கட்டுரையாக்கி, 'சவுத் இந்தியா அப்சர்வர்' பத்திரிகைக்குக் கொடுத்தார். சொந்தப் பெயரில் இல்லை, 'ஓர் இந்திய மாது' என்ற புனைபெயரில். அவர் எழுத்து வாழ்க்கை தொடங்கியது இந்த மலையில்தான். பின்னாளில் 'சகுணா', 'கமலா' என்று ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதினார். 1894இல், 32 வயதில் இறந்துபோனார்.

'சகுணா' பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதை. அதில் ராதா என்ற தாய் வருகிறாள். கணவன் புது மதத்துக்குப் போய்விட்டான். விரும்பி மணந்த கணவனும் அல்ல, விரும்பி ஏற்ற மதமும் அல்ல. அழுதுகொண்டே அவன் பின்னால் போகிறாள், காலப்போக்கில் அந்த நம்பிக்கையைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொள்கிறாள். அவள் மகள் சகுணாவோ பெண்ணின் அறிவு சிறியது என்று சொல்பவர்களிடம் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே வளர்கிறாள். கீழ்ப்படிதலும் அன்பும் ஒரே வீட்டுக்குள் எப்படியெல்லாம் முட்டிக்கொள்ளும், எப்படி ஒன்றையொன்று தேடும் என்பதை நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள்ளிருந்து ஒரு பெண் எழுதியது அநேகமாக அப்போதுதான். மனைவி எழுத வேண்டும் என்று விரும்பிய கணவன் கிருபாபாய்க்கு வாய்த்தான். அதனால்தான் அந்த நாவல்களை நாம் இன்று படிக்க முடிகிறது.

வாய்த்தான் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். சாமுவேல் நல்ல மனிதர். ஆனால் அவருடைய நல்ல குணத்தைத் தவிர கிருபாபாய்க்கு வேறு பிடிமானம் கிடையாது. சாமுவேல் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் சட்டம், சபை, ஊர்வழக்கு எல்லாமே அவர் பக்கம்தான் நின்றிருக்கும்.

சபையின் வாக்கையும் சட்டத்தையும் முதலில் பார்ப்போம். ஆங்கிலேயத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் மணமகள் மட்டும் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்க வேண்டும், மணமகனுக்கு அந்த வாக்கு இல்லை. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1831இல் திறந்தபோது இங்கே நடந்த வெள்ளைக்காரத் திருமணங்கள் அந்தப் புத்தகப்படிதான். 1869இல் இந்திய மணவிலக்குச் சட்டம் வந்தது, 1872இல் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். 1869 சட்டப்படி மனைவி வேறொருவனோடு உறவு வைத்திருந்தால் அது ஒன்றே கணவனுக்குப் போதும், விலக்கு வாங்கிவிடலாம். மனைவிக்கு அது போதாது. கணவனுடைய தவறான உறவோடு, அவன் கொடுமைப்படுத்தினான் என்றோ, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனான் என்றோ இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி உதை மட்டும் என்றால் பிரிந்து வாழ அனுமதி உண்டு, திருமணம் முறியாது. மனைவியோடு உறவு வைத்த ஆளிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம் என்ற பிரிவும் அதிலேயே இருந்தது. பொருளைத் திருடியவனிடம் பணம் கேட்பது போன்ற ஒரு பிரிவு, 2001 வரைக்கும் உயிரோடு இருந்தது.

இதே காலத்தில் வேறொரு சட்டமும் வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். மணமான கிறிஸ்தவப் பெண் உழைத்துச் சம்பாதிக்கும் கூலி அவளுடைய தனிச்சொத்து என்று அது சொன்னது. கிருபாபாய் ஊட்டியில் பாடம் சொல்லிச் சம்பாதித்திருந்தால் அந்தப் பணம் சட்டப்படி அவருடையது. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் சபைக்கு முன்னால் நடந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச்சேர எத்தனை தலைமுறை ஆனது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இந்த மலையின் பழங்குடிகளும் படுகர்களும் திருமணத்தை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். தோடர்களிடம் சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்ததை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியான தன் நூலில் விரிவாகவே பதிந்தார். படுகர்களிடம் ஒத்துவராத திருமணத்தை விட்டுப் பெண் தாய்வீடு திரும்புவதும், மறுபடி மணம் செய்வதும் பெரிய அவமானமாகக் கருதப்படவில்லை. விதவையும் மறுமணம் செய்துகொண்டாள். 1840களில் கேத்தியில் பாசல் மிஷன் நிலைகொண்டது. 1858இல் முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றார். அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த குடும்பங்களுக்குப் புதிதாகக் கிடைத்தது ஒருவனுக்கு ஒருத்தி என்ற உறுதி, சாகும்வரை என்ற வாக்கு. அதில் பெண்ணுக்குப் பாதுகாப்பும் இருந்தது என்று நான் நம்புகிறேன். இன்னொருத்தியைக் கொண்டுவர முடியாது, குழந்தை இல்லை என்று தள்ளிவைக்க முடியாது. ஆனால் ஒத்துவராத வீட்டைவிட்டுக் கிளம்பும் பழைய வழியும் அதோடு அடைபட்டது. முன்னேற்றம் என்று ஒரே சொல்லில் இதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பாசல் மிஷனரிகளே எப்படிக் கல்யாணம் செய்தார்கள் என்று தெரிந்தால் நம் பாட்டிமார் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மிஷனரி தனியாளாகத்தான் கப்பல் ஏற வேண்டும். இரண்டு வருஷமாவது ஊழியம் செய்தபின்தான் கல்யாணத்துக்கு அனுமதி கேட்கலாம். கேட்டால் பாசல் நகரத்திலிருக்கும் கமிட்டி யோசித்து முடிவு சொல்லும். பெண் கிடைக்கவில்லை என்றால் கமிட்டியே பார்த்துக் கொடுக்கும். முன்பின் பார்த்திராத ஒருவனை மணக்க ஜெர்மன் கிராமத்துப் பெண்கள் கடல் கடந்து வந்தார்கள். கடவுளின் சித்தம் என்று நம்பித்தான் வந்தார்கள். பிறகு பிள்ளை பிறக்கும். பள்ளி வயது வந்ததும் அந்தப் பிள்ளையை பாசலில் மிஷன் நடத்திய குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும், பார்க்காமலேயே செத்த தாய்களும் உண்டு. இந்தப் பெண்களிடம் பைபிளும் தையலும் கற்ற நம் ஊர்ப் பெண்கள், கிறிஸ்தவ மனைவி என்றால் இப்படித்தான் என்று எதைக் கண்டிருப்பார்கள்? பேசாமல் சுமப்பதை. அன்பில்லாத வீடுகள் என்று நான் சொல்லவில்லை. நோயில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சேர்ந்து உழைத்து, ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடங்கியவர்கள் அநேகர். ஆனால் அந்த அன்பு கமிட்டிக்கும் கணவனுக்கும் கீழ்ப்படிந்த பிறகு முளைத்தது.

இப்போது கீழ்ப்படிதலுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வேதவசனத்துக்கு வருவோம். எபேசியருக்குப் பவுல் எழுதிய நிருபம், ஐந்தாம் அதிகாரம். சபை வித்தியாசமில்லாமல் நம் திருமணங்களில் அதிகம் வாசிக்கப்படும் பகுதிகளில் ஒன்று அது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 22ஆம் வசனம் தொடங்குகிறது, மூன்று வசனத்தில் முடிகிறது. 25ஆம் வசனத்திலிருந்து கணவன் பக்கம் திரும்புகிறார் பவுல். அதிகாரம் முடியும்வரை, கடைசி அரை வசனம் நீங்கலாக, பேச்செல்லாம் கணவனிடம்தான். கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்தது போல நீ உன் மனைவியிடம் அன்பு செலுத்து, உன் உடம்பை நீ பேணுவது போல அவளைப் பேணு என்கிறார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 21ஆம் வசனத்தில், எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் குடும்பப் பேச்சையே எடுக்கிறார்.

தன்னைக் கொடுத்தது என்றால் சிலுவைதான். பவுலின் அந்தப் பகுதியில் சிலுவை நிற்பது கணவனின் பங்கில். மனைவியின் பங்கில் இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக நம் சபைகளில் யாரைப் பார்த்துச் 'சிலுவையைச் சுமம்மா' என்று சொன்னோம்? குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று அழுதுகொண்டு போதகர் வீட்டு வாசலுக்கு வந்த பெண்ணைப் பார்த்து. ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள், உன் நடத்தையைப் பார்த்து அவன் மனம் திரும்புவான் என்று அனுப்பிவைத்தோம். அடித்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்குத்தானே ஐயா அந்தச் சிலுவை என்று கேட்ட போதகர்களும் இருந்தார்கள். அவர்கள் குறைவு. கீழ்ப்படிதல் என்ற பாதிக்கு ஜெபப் புத்தகம், சட்டம், மாமியார், சம்பளக் கணக்கு என்று எல்லாம் காவல் நின்றன. அன்பு என்ற பாதியை அவனவன் மனசாட்சிக்கு விட்டுவிட்டோம். இந்த மலையின் கிறிஸ்தவத் திருமண வரலாற்றில் என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

1960களில் ஊட்டிக்கு இன்னொரு கிறிஸ்தவப் பெண் வந்தார். மேரி ராய். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்த கணவன் குடிக்கு அடிமையாகிவிட, சின்ன மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தவர். பூச்சியியல் வல்லுநராக அரசுப் பணியிலிருந்த அவர் தந்தைக்கு ஊட்டியில் ஒரு சிறு வீடு இருந்தது. தந்தை காலமாகிவிட்டார். அந்த வீட்டில் பிள்ளைகளோடு தங்கி, வேலை பார்த்துப் பிழைத்தார். அங்கேயும் விடவில்லை. தாயும் அண்ணனும் கேரளத்திலிருந்து வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். வக்கீலிடம் கேட்டபோது, அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்றார். ஊட்டி தமிழ்நாட்டில் இருந்ததால் அன்று அந்தத் தாயும் பிள்ளைகளும் தெருவுக்கு வரவில்லை.

பின்னால் கேரளம் திரும்பி, கோட்டயத்தில் பள்ளி நடத்தி, 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் மேரி ராய். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்குதான் என்று முடிவானது. நம் கன்னியாகுமரி மாவட்டக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் அது முக்கியமான நாள். மேரி ராய் ஊட்டிக்குக் கூட்டிவந்த அந்த மகள்தான் எழுத்தாளர் அருந்ததி ராய். ஊட்டி வீட்டில் தாய்க்கு நடந்ததை அவர் பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

சொத்து வழக்குக்கும் திருமணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். போக ஓர் இடம் இல்லாத பெண்ணின் கீழ்ப்படிதலை அன்பு என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அவளாலேயே முடியாது. கதவு திறந்திருக்கும் வீட்டில் அவள் தங்கினால்தான் தங்குவதற்கு ஒரு பொருள் உண்டு. அந்தக் கதவை ஊட்டியில் ஒரு வக்கீல் சொன்ன ஒரு வாக்கியம் திறந்து வைத்தது.

சபைக்குள்ளும் கதவுகள் திறந்தன, மெதுவாக. ஊட்டி கத்தோலிக்க மறைமாவட்டம் 1955இல் பிறந்தது. அந்த வருஷம் இங்கே நடந்த திருமணத் திருப்பலிகளில் குருவானவர் சொன்ன மண ஆசி மணமகளை மையமாகக் கொண்டது. அவள் கற்போடும் பிரமாணிக்கத்தோடும் வாழ வேண்டும் என்று நீளமாக மன்றாடும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தில், இந்த ஆசி மன்றாட்டைத் திருத்துங்கள், பிரமாணிக்கம் இருவருக்கும் சமக் கடமை என்பது அதில் வர வேண்டும் என்று கட்டளையிட்டது. 1969இல் புதிய திருமணச் சடங்கு வெளியானது. இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பேன் என்று இன்று காந்தலிலோ குன்னூரிலோ மணமக்கள் சொல்லும் வாக்கு இருவருக்கும் ஒன்றே. 1988இல் போப் இரண்டாம் ஜான் பால், பெண்ணின் மாண்பு பற்றிய தன் மடலில், எபேசியர் நிருபத்தின் கீழ்ப்படிதல் ஒருவழிப்பாதை அல்ல, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்வது என்று தெளிவாகவே எழுதினார்.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றார், 2013இல் புஷ்ப லலிதா பேராயர் ஆனார். ஒரு பெண் அங்கியணிந்து பீடத்தில் நின்று எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை விளக்கும்போது சபை அதை வேறு காதால் கேட்கிறது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமனார்களும் கேட்கிறார்கள்.

கத்தோலிக்க வாசக நூலில் அந்தப் பகுதிக்கு ஒரு குறுகிய வடிவமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனங்களை விட்டுவிட்டு, கணவனிடம் பேசும் பகுதியை மட்டும் வாசிக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விட்டுவிட்ட வசனம் வீட்டுக்குள் போய்விடாது என்று நினைக்கக் கூடாது, மாமியார் வாயிலும் குடிகாரன் வாயிலும் அது மனப்பாடமாக இருக்கிறது. 21ஆம் வசனத்திலிருந்து அதிகாரத்தின் கடைசிவரை முழுசாக வாசிக்க வேண்டும், மணமகன் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அப்போதுதான் யாருடைய பங்கு பெரிது என்று சபைக்குத் தெரியும்.

2001இல் மணவிலக்குச் சட்டம் திருந்தியது. கணவனுக்கும் மனைவிக்கும் பெரும்பாலும் ஒரே காரணங்கள். கொடுமை தனியாகவே போதும், கைவிட்டுப் போனதும் தனியாகவே போதும். பரஸ்பர சம்மதத்தோடு பிரியவும் வழி வந்தது. நஷ்டஈட்டுப் பிரிவு நீங்கியது. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் சீரழிந்துவிடும் என்று அன்று பயந்தவர்கள் பலர். சபைப் பெரியவர்கள் வருத்தத்தோடு பேசியதை மதிக்கிறேன், அவர்கள் திருமணத்தைப் புனிதமாகவே நினைத்தார்கள். ஆனால் விலங்கைக் கழற்றியதும் ஓடுகிறவளைவிட, விலங்கில்லாமல் உடனிருப்பவள்தான் நம் கோயில்களில் அதிகம். அவளை இப்போதுதான் நாம் முதல்முறையாகப் பார்க்கிறோம்.

எஸ்டேட் பக்கம் போனால் கதை வேறு. கொழுந்து பறிப்பது பெண்கள்தான். காலையில் கூடையோ சாக்கோ கட்டிக்கொண்டு மலையேறினால் சாயங்காலம் கடைசி எடை போடும்வரை நிற்க வேண்டும். ஆண்களுக்கான கவ்வாத்து, மருந்தடிப்பு வேலைகள் பெரும்பாலும் முன்னதாகவே முடிந்துவிடும். 1964 சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது, அதுதான் இன்றைய டான்டீ. அந்தக் குடும்பங்களில் ஜெபமாலையும் ஞானப்பாட்டுப் புத்தகமும் கொண்டுவந்தவர்களும் உண்டு. லைன் வீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கீழ்ப்படிதல் என்றால் பிரசங்கத்தில் கேட்டது மட்டுமல்ல. மேஸ்திரிக்கு, கணக்கப்பிள்ளைக்கு, துரைக்கு, கடைசியில் வீட்டில் கணவனுக்கு என்று நாள் முழுக்க அடுக்கடுக்காக வந்தது. சம்பள நாளில் மனைவியின் கூலியையும் கணவனே கைநீட்டி வாங்கிக்கொண்ட காலம் இருந்தது. 1874இலேயே அவள் கூலி அவளுடையது என்று எழுதிவைத்த சட்டத்தைப் பற்றி அந்தச் சம்பள வரிசையில் நின்ற யாரும் கேள்விப்பட்டதில்லை.

இன்று சம்பளம் பெரும்பாலும் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயும் தகுதியானவர்களுக்கு அப்படியே வருகிறது. கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப் பகுதிகளுக்கும் விரிவாகும் என்று 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். இவை சின்ன விஷயம்போலத் தெரியும். பஸ்ஸுக்குக் காசு கேட்காமல் கோத்தகிரியிலிருந்து குன்னூர் போய், அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதை நம் பாட்டிமார் யோசித்தும் பார்த்திருக்க மாட்டார்கள். 'எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்' என்பது முன்பு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். இன்று அதே பெண், 'போயிட்டு வந்துட்டேங்க, சொல்லத்தான் மறந்துட்டேன்' என்கிறாள். அவரும் 'சரி, அத்தை எப்படி இருக்காங்க?' என்று கேட்கிறார். இப்படிப் பேசும் வீடுகள் பெருகியிருக்கின்றன.

இருந்தாலும், ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் அவளுடையது, ரகசிய எண் அவனுக்குத் தெரியும், டாஸ்மாக் வழியில் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கிறிஸ்தவ வீடுகள் அதற்கு வெளியே இருக்கின்றன என்று நினைக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. குடும்ப ஆசீர்வாதக் கூட்டங்கள், யூடியூப் பிரசங்கங்கள். பெண் கீழ்ப்படியாததால்தான் வீடு ஆசீர்வாதம் இழக்கிறது, கணவன் சம்பாத்தியம் தங்காததற்கு மனைவியின் வாய்தான் காரணம் என்று உரக்கச் சொல்கிறவர்கள் நம் பாட்டி காலத்தைவிட இன்று அதிகம் பேரை எட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கும் பெண், கணவனைவிட அதிகம் சம்பாதிப்பதே குற்றம்போல, வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடமாடுகிறாள். பவுல் எழுதிய அதிகாரத்தில் பாதியைக் கிழித்தெடுத்து மிச்சத்தைக் கொடியாகத் தூக்கிப் பிடிப்பது வேதப்பற்று ஆகாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நம் போதகர்களும் பங்குத்தந்தையர்களும்தான், வெளியாட்கள் சொன்னால் எடுபடாது.

மறுபாதியை வாழ்பவர்களும் இந்த மலையில் உண்டு. பக்கவாதம் வந்த மனைவிக்கு வருஷக்கணக்கில் கஞ்சி ஊட்டி, தலை வாரி, ஞாயிறு தவறாமல் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயில் படியேற்றும் ஓய்வுபெற்ற தொழிலாளியை எனக்குத் தெரியும். அவரை யாரும் மேடையேற்றிப் பாராட்டவில்லை. அதையே ஒரு மனைவி செய்திருந்தால் கடமை என்று கடந்துபோயிருப்பார்கள், இவரைப் பார்த்துச் சிலர் 'பாவம்' என்கிறார்கள். அவர் முகத்தில் பாவம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டிக்குப் போகும் மனைவிக்காகத் தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் இளைஞர்கள், மனைவியின் மேற்படிப்புக்காக ஊர் மாறியவர்கள் என்று அடுத்த தலைமுறையில் இன்னும் பலர். இவர்களிடம் குடும்பத்தின் தலை யார் என்று கேட்டால் பெரிதாக யோசிப்பதில்லை. யார் முதலில் எழுந்து அடுப்பு பற்றவைப்பது என்பதில்தான் அவர்களுக்குப் பேச்சு.

இதைத் தனி மனிதர்களின் நல்ல குணத்துக்கு மறுபடி விட்டுவிடக் கூடாது. கிருபாபாய்க்கு அப்படித்தான் விட்டோம். கோயில்களில் இன்று திருமணத் தயாரிப்பு வகுப்புகள் நடக்கின்றன, நல்லது. அங்கே மணமகனைத் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும். அவள் சம்பளம் யார் கையில் இருக்கும்? அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் என்ன செய்வாய்? கோபம் வந்தால் உன் கை எங்கே போகும்? உன் வேலையா அவள் வேலையா என்று வந்தால் யார் விட்டுக்கொடுப்பது? பதில் சொல்லத் தெரியாதவனுக்குத் தேதி தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சபை முழுக்கக் கேட்கிறோம். தாலி ஏறிய பிறகு அந்தப் பெண்ணிடம் நாம் எதுவுமே கேட்பதில்லை. முதல் வருஷத்துக்குள் மூன்று முறையாவது பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்தோ அன்பியத்திலிருந்தோ இரண்டு பேர் போய், கணவனும் மாமியாரும் இல்லாத நேரத்தில் அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். கீழ்க்குந்தாவிலிருந்து பந்தலூர் வரை எந்தச் சபையாலும் முடிகிற வேலைதான் இது. ஞாயிறு காணிக்கைக் கணக்கு ஒட்டும் அறிவிப்புப் பலகையில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். இந்த வாரமே ஒட்டலாம்.